ஏழு வயதில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்

பிள்ளைக்குப் பல் கோணலாக முளைத்தால் நம் வீடுகளில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். ஒன்று, ‘பால்பல் எல்லாம் விழட்டும், அப்புறம் பார்க்கலாம்.’ மற்றொன்று, ‘தெத்துப்பல் அதிர்ஷ்டம், அதைத் தொடாதே.’ இரண்டுமே பல்வரிசையை மட்டும் பார்த்துச் சொல்பவை. ஆனால் சீரமைப்பு தேவையா என்பதைத் தீர்மானிப்பதில் வரிசைக்கு இரண்டாம் இடம்தான். வாயை மூடும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிச் சேருகின்றன, தாடை எந்தப் பக்கம் வளர்கிறது என்பவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. முதல் பரிசோதனையை 7 வயதுக்குள் முடித்துவிடும்படி அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. சுமார் 6 வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதையொட்டி முன்பற்களும் மாறத் தொடங்குகின்றன. மிச்சமிருக்கும் பால்பற்களுக்கு அடியிலிருந்து வரப்போகும் பற்களுக்கு இடம் போதுமா என்பதை அப்போதே ஓரளவு கணித்துவிடலாம்.

வீட்டிலேயே பார்க்கவும் ஒரு வழி உண்டு. பிள்ளையை எச்சிலை விழுங்கச் சொல்லி, கடைவாய்ப்பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். இரண்டு விரலால் உதட்டை விலக்கிப் பாருங்கள். மேல்வரிசை கீழ்வரிசைக்குச் சற்று வெளியே, சுற்றிலும் மூடினாற்போல இருக்க வேண்டும். ஒரே ஒரு மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தாலும், கடிக்கும்போது தாடை ஒரு பக்கமாக நகர்ந்தாலும், முன்பற்கள் தொடாமல் நடுவில் நாக்கு தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதே சமயம், 8, 9 வயதில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் கலங்க வேண்டாம். 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கும்போது அந்த இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். நம் பெற்றோர் பலர் பதறுவது என்னவோ இதற்குத்தான்.

காத்திருந்தால் கெட்டுப்போகிறவை வேறு. மேல்தாடை குறுகி, பக்கவாட்டுப் பற்கள் உள்வாங்கியிருந்தால், பிள்ளை கடிப்பதற்கு வசதியாகத் தாடையை ஒரு பக்கம் ஒதுக்கிப் பழகும். நாளடைவில் தாடையின் வளர்ச்சியே கோணலாகலாம். அண்ணத்தின் இரு பாதிகளும் எலும்பாக இறுகாத வயதில் திருகு வைத்த கருவியால் அதை அகலப்படுத்திவிடலாம். வளர்ந்த பிறகு அதற்கே அறுவைச் சிகிச்சை தேவைப்படக்கூடும். கீழ்த்தாடை முன்னால் துருத்தும் பிள்ளைக்கும் 10 வயதுக்கு முன் தொடங்கும் சிகிச்சையில்தான் பலன் அதிகம். விரல் சூப்பும் பழக்கம் நிரந்தரப் பல் முளைக்கும் முன் நின்றுவிட்டால் மேல், கீழ் முன்பற்கள் தொடாமல் இருக்கும் இடைவெளி பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கு மேலும் தொடர்ந்தால், விரலில் வேப்பெண்ணெய் தடவிவிட்டுக் காத்திருப்பது போதாது. எப்போதும் வாயைத் திறந்தே தூங்கும் பிள்ளையைக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

‘விழப்போகிற பல்தானே’ என்று சொத்தையான பால் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிடுவதுதான் இதில் எளிதாகத் தவிர்க்கக்கூடிய தவறு. அந்தப் பல் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியது. 6 வயதிலேயே எடுத்துவிட்டால் பின்னாலிருக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னால் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வரவேண்டிய பல் ஈறுக்குள்ளேயே சிக்கும், அல்லது வழிமாறி முளைக்கும். சொத்தையை அடைத்துப் பல்லைக் காப்பாற்றலாம். எடுத்தே தீரவேண்டும் என்றால், அந்த இடம் மூடாமலிருக்கச் சிறு கம்பி வளையம் பொருத்தலாம். பிற்பாடு கிளிப்புக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

7 வயதிலேயே மருத்துவரிடம் போனால் உடனே கிளிப் மாட்டிப் பணம் பறித்துவிடுவார்கள் என்ற சந்தேகம் எழும். அது முற்றிலும் ஆதாரமற்றதல்ல. துருத்திய மேல் முன்பற்களுக்குச் சிறு வயதில் ஒரு முறை, பதின்வயதில் மறுபடி ஒரு முறை என்று சிகிச்சை செய்வதைப் பற்றி 2018இல் வெளியான காக்ரேன் மறுஆய்வு, முன்பல்லில் அடிபடும் வாய்ப்பு குறைவதைத் தவிர இதில் வேறு கூடுதல் பலன் தெரியவில்லை என்றே சொல்கிறது. ஓடி விளையாடி அடிக்கடி விழும் பிள்ளைக்கு அந்த ஒரு பலனே போதுமான காரணம், மற்றவர்கள் காத்திருக்கலாம். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையும் கோணல் பல் எல்லாவற்றுக்கும் இலவசமாகக் கிளிப் போடுவதில்லை. தேவையை 1 முதல் 5 வரை தரம் பிரித்து, 4, 5 தரங்களில் இருப்பவர்களையும், மூன்றாம் தரத்தில் தோற்றம் மிகவும் பாதிக்கப்பட்டவர்களையுமே எடுத்துக்கொள்கிறது. ஆகவே சீக்கிரம் பரிசோதிப்பது வேறு, சீக்கிரம் கிளிப் மாட்டுவது வேறு. 7 வயதில் போகும் பிள்ளைகளில் பலரிடம் ‘இப்போது எதுவும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்றுதான் நல்ல மருத்துவர் சொல்வார். அப்படிச் சொல்லாமல் உடனே கிளிப் என்றால், ‘இன்னும் நான்கு வருடம் பொறுத்தால் என்ன கெட்டுப்போகும்?’ என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் இன்னொரு கருத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.