முடிச்சுப் போட்ட ஐஸ்கிரீம்

கோலாலம்பூருக்குக் கோடை என்று தனியாக ஒரு காலம் கிடையாது. பூமத்திய ரேகைக்கு வடக்கே 3 பாகை தொலைவில் இருக்கும் ஊரில் ஆண்டு முழுவதும் பகல் வெயில் 32, 33 டிகிரியில் நிற்கும். மழை பொய்த்தால் இன்னும் ஏறும். தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தொட்டால் வானிலைத் துறை முதல் கட்ட எச்சரிக்கை விடுக்கும். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் காய்கறி வாங்கித் திரும்புகிறவருக்கும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் துணிக்கடை ஏறி இறங்குகிறவருக்கும் அந்த எச்சரிக்கை தேவையே இல்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டும்போதே தெரிந்துவிடும்.

வெளியே குளிர்ச்சிக்குப் பஞ்சமில்லை. செண்டோல் இருக்கிறது, ஐஸ் கச்சாங் இருக்கிறது. 2018இல் ஐஸ் உருண்டையின் மேல் மைலோவைக் குழைத்து ஊற்றிய ஐஸ் கெப்பால் நாடெங்கும் வரிசை கட்ட வைத்தது. ஆனால் எனக்கு இவை எல்லாவற்றையும்விட உயர்ந்தது ஐஸ்கிரீம் மலேசியாதான். விரல் பருமனுள்ள நீண்ட பிளாஸ்டிக் உறையில் சிரப்போ, மைலோவோ, சோளப்பாலோ ஊற்றி, வாயை முடிச்சுப் போட்டு உறைய வைத்தது. கம்பங்களிலும் தாமான்களிலும் வீட்டு வாசலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டுப் பத்து காசுக்கும் இருபது காசுக்கும் விற்றார்கள். தமிழ்நாட்டில் இதையே பெப்சி ஐஸ் என்பார்கள், பிலிப்பைன்ஸில் ஐஸ் கேண்டி. இதற்கு இயந்திரம் வேண்டாம், கிரீம் வேண்டாம், கிண்டிக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

நான் இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் சர்க்கரை. கடை ஐஸ்கிரீமில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்வதில்லை. சர்க்கரை கரைந்த நீர் சுழியம் டிகிரியில் முழுதாக உறையாது. அதனால்தான் கரண்டியால் அள்ள வருகிறது. அதோடு, குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு மந்தமாகவே தெரியும் என்பதால் இன்னும் கொஞ்சம் கொட்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் கிரீமையும் டின் பாலையும் அடித்து உறைய வைக்கும் சுலப முறையிலும் இதே சிக்கல்தான். இங்கே டின்னில் வரும் இனிப்புப் பால் வகைகளில் பெரும்பாலானவை செம்பனை எண்ணெய் கலந்த கிரீமர்தான். அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை.

உறை ஐஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது கல்லாக உறைந்தாலும் குறையில்லை. உள்ளங்கையில் வைத்து உருட்டி, நுனியைக் கடித்து, உறிஞ்சித்தானே தின்கிறோம்! ஆகவே சர்க்கரையைப் பாதியாக்கினாலும் கெடாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. மற்ற இனங்களைவிட நம்மிடம்தான் அதிகம். பிள்ளைகளுக்கு என்ன ஊட்டிப் பழக்குகிறோம் என்று யோசிக்க வேண்டிய இடத்தில் இருக்கிறோம்.

என் முதல் சிபாரிசு தேங்காய்ப்பால். இரண்டு குவளைப் பாலில் ஒரு பாண்டான் இலையை முடிந்து போட்டு, சிறிய துண்டு கூலா மலாக்காவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். கொதிக்க விட்டால் திரிந்துவிடும். உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்; குறைந்த சர்க்கரையைத் தூக்கிக் காட்டுவது அதுதான். இறக்கி, வேகவைத்த ஜவ்வரிசி இரண்டு கரண்டி கலந்து, ஆறியதும் புனல் வைத்து உறையில் ஊற்றுங்கள். இந்த வெயிலில் தேங்காய்ப்பால் சீக்கிரம் கெடும், வெளியே அதிக நேரம் வைக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரியும். எனவே மேலே இரண்டு விரல் இடம் விட்டு முடிச்சுப் போடுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் இரவோடு இரவாக உறை வெடித்து ஐஸ் பெட்டி முழுக்க ஒட்டும். தட்டில் படுக்க வைத்தால் நேராக உறையும். காலையில் தயார்.

தேங்காய்ப்பாலின் கொழுப்பு பனிப்படிகங்கள் பெரிதாகாமல் தடுக்கிறது, அதனால் வாயில் மணல்போல் நெருடாது. டுரியான் சீசனில் மிஞ்சும் சுளைகளை இதே பாலில் மசித்துச் சேர்த்தால் சர்க்கரையே வேண்டாம். புளிப்பு பிடிக்கும் என்றால் லீமாவ் கஸ்தூரிச் சாற்றில் தண்ணீர் கலந்து, உறைக்கு ஓர் ‘அசாம் போய்’ (உப்பிட்டு உலர்த்திய பிளம் பழம்) போடுங்கள். வெயிலுக்கு அதைவிட இதமானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

உறை கிடைக்காவிட்டால் வாழைப்பழம் இருக்கிறது. நன்றாகக் கனிந்த பீசாங் ஏமாஸை வட்டமாக நறுக்கி உறைய வைத்து மிக்ஸியில் அடித்தால், பழத்தின் பெக்டினே அதைக் கிரீம்போல வழுவழுப்பாக்கிவிடும். உடனே சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் உறைக் கட்டு மளிகைக் கடையிலும் பேக்கரி சாமான் விற்கும் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன்பே ஒரு கட்டு வாங்கி வையுங்கள். அடுப்பு வேலையை நீங்கள் பாருங்கள். ஊற்றுவதையும் முடிச்சுப் போடுவதையும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.