"எத்தனை பேருங்க?" என்று கேட்காதீர்கள்

என் கணவர் ஆம்புலன்ஸ் டிரைவர். 2014 ஜூன் 28-ம் தேதி சாயங்காலம், நல்ல மழையில், மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் அயனம்பாக்கத்துக்கு அது ரொம்ப தூரமில்லை. அன்று டூட்டிக்குப் போனவர், ஒரு வாரம் அங்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடினார். அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தீயணைப்பு வீரர்களும் 27 பேரை உயிரோடு மீட்டார்கள். இறந்தவர்கள் 61 பேர். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்க வந்த கட்டட வேலைக்காரர்கள், பாவம்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போடுவார். இரண்டு தடவை குளிப்பார். அப்புறமும், "சிமெண்ட் வாசனை போகலை" என்பார். பையன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் தூக்க மாட்டார். அக்கம்பக்கத்தார் வேறு, "எத்தனை பேருங்க? நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்று துருவுவார்கள். நானும்தான் கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நாலைந்து மாதம் கழித்து, பையன் மாடிப்படியில் விழுந்து நெற்றியில் ரத்தம். இவரோ, "ஒண்ணும் ஆகாது, துணி வச்சுக் கட்டு" என்று டி.வி.யை விட்டுத் திரும்பவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஊரார் பிள்ளைக்கு ஓடறீங்க, பெத்த பிள்ளைக்கு மனசு இரங்கலையா?" என்று கத்திவிட்டேன். பதிலே இல்லை. அன்று ராத்திரி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அவர் அழுத சத்தம் கேட்டது.

மாமியார், காத்து கருப்பு என்று திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனாலும் தூக்கம் வரவில்லையே! கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்த்தோம்.

"உங்க வீட்டுக்காரர் கல்நெஞ்சக்காரர் இல்லம்மா. அடுத்தவங்க துயரத்தையே பார்த்துப் பார்த்து மனசு மரத்துப் போச்சு" என்றார் டாக்டர். இதற்கு 'இரக்கக் களைப்பு' மாதிரி ஒரு பெயர் உண்டாம். 1992-ல் அமெரிக்காவில் நர்சுகளைப் பற்றி அப்படி எழுதினார்களாம். 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூர் நிமான்ஸ்காரர்கள் நம் கடலோர ஊர்களில் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள் அல்லவா? அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் தங்களையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

கொஞ்ச நாளைக்குத் தூங்க மாத்திரை கொடுத்தார். கூட வேலை செய்தவர்களோடு உட்கார்ந்து பேசச் சொன்னார். அந்த வாரம் இவரோடு இருந்த இன்னொரு டிரைவர் வந்து, இருவரும் ஏரிக்கரையில் இருட்டும்வரை பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு டாக்டர் சொன்னது இரண்டே விஷயம்: தோண்டித் தோண்டிக் கேட்காதே, அவராகச் சொல்ல வந்தால், "அதையெல்லாம் மறந்துடுங்க" என்று வாயை அடைக்காதே.

போலீஸ், தீயணைப்பு, துப்புரவுப் பணி, நர்ஸ் வேலை என்று போகிறவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமென்றால், 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது. 2022-லிருந்து இலவசம்; தமிழிலேயே பேசலாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இவர் மூன்று நாள் வீடு திரும்பவில்லை. வந்ததும் வெந்நீர் போட்டு, ரசம் சாதம் வைத்தேன். எதுவும் கேட்கவில்லை. நாலாம் நாள் ராத்திரி, நான் பூண்டு உரிக்கும்போது அவராகவே ஆரம்பித்தார்: "ஒரு பாட்டிம்மா, ஆட்டுக்குட்டியை விட்டுட்டு வண்டியில ஏறவே மாட்டேன்னுடுச்சு..." பையனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். நான் பூண்டை உரித்துக்கொண்டே கேட்டேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அயனம்பாக்கம்.