அனுமதியின்றி நுழையும் அந்நியன்

பிறர் இல்லத்தினுள் நுழையும் முன் ஸலாம் உரைத்து அனுமதி பெறுதல் வேண்டும் என்பது அருள்மறையின் 'அந்நூர்' எனும் 24ஆம் அத்தியாயம் விதித்துள்ள ஒழுங்காகும். அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம் இதனினும் நுணுக்கமானது. வீட்டிலேயே வளரும் சிறுவராயினும், வைகறைத் தொழுகைக்கு முன்பும், நண்பகலில் ஆடை தளர்த்தி இளைப்பாறும் பொழுதிலும், இஷாத் தொழுகைக்குப் பின்பும் பெரியோரின் அறைக்குள் கேட்டுவிட்டே செல்ல வேண்டும் என்று அது பணிக்கின்றது. பெற்ற பிள்ளைக்கே இத்துணை வரம்பு வகுத்த மார்க்கம், முகமறியாத ஒருவன் இஷாவுக்குப் பின் நம் பிள்ளையின் படுக்கையருகே அமர்ந்து நெடுநேரம் உரையாடுவதை எங்ஙனம் ஏற்கும்? இன்று எத்தனையோ இல்லங்களில் அதுவே நிகழ்கின்றது. அவன் வருவது கைப்பேசியின் வழியாக என்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறையினுள் ஒரு துவாரத்தின் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்த நிகழ்ச்சியை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பெருமானார் அவரைக் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்கும் விதி ஏற்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று விளக்கினார்கள். எனவே, ஆள் உள்ளே வரவில்லை, பார்வைதானே வந்தது என்று எவரும் அமைதி கொள்வதற்கில்லை.

செட்டிநாட்டு வீடுகளைக் கண்டவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் அம்மனைகளில், யார் எதுவரை வரலாம் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வழிப்போக்கனுக்குத் திண்ணை, கொடுக்கல் வாங்கல் பேச வந்தவர்க்கு முகப்பு, உற்றார் உறவினர்க்கு வளவு, அதற்கும் அப்பாலுள்ள கட்டுகள் வீட்டுப் பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் உரியவை. திண்ணையில் அமர்ந்தவனின் ஊரும் பேரும் விசாரித்தறிந்த பின்னரே அடுத்த கட்டு திறக்கும். கைப்பேசியோ இக்கட்டுகள் அனைத்தையும் ஒரு நொடியில் கடந்து, விசாரிக்கப்படாத ஒருவனைக் கடைசிக் கட்டிற்கே அழைத்துச் சென்றுவிடுகின்றது.

அப்படியானால் அக்கருவியைப் பிடுங்கி எறிந்துவிடலாமே என்பர் சிலர். அஃது இயலாது என்பதே எமது கருத்து. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் தொடங்கிய கல்லூரி, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி எனும் மின்வேதியியல் ஆய்வு நிலையம், 1985இல் தோன்றிய பல்கலைக்கழகம் ஆகியவற்றால் காரைக்குடி மாணவர் நகரமாகிவிட்டது. அண்டை மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கிப் பயிலும் பிள்ளைகள் அநேகர். 2020இல் கொரோனா பரவியபோது பள்ளிக்கூடமே கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அன்றியும், சிவகங்கை மாவட்டத்தில் அத்தா வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உழைக்க, அம்மாவிடம் வளரும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் பல. அங்கே தந்தையின் முகத்தைப் பிள்ளை காண்பதே அச்சிறு திரையில்தான்.

கருவியைத் தடுக்க இயலாதெனில், வலை விரிப்பவன் செய்யும் தந்திரத்தையாவது அறிந்துகொள்ளுதல் வேண்டும். அவன் முதல் நாளிலேயே தீமையுடன் வருவதில்லை. இன்ஸ்டாகிராமிலோ இணைய விளையாட்டிலோ, சம வயது மாணவனைப் போலவோ மாணவியைப் போலவோ ஒரு படத்தை வைத்துக்கொண்டு நட்பு கோருவான். பாராட்டுவான், வீட்டுக் குறைகளைப் பரிவோடு கேட்பான். பின்னர், பிறர் பார்வை படாத தனி உரையாடலுக்கு அழைப்பான். ஒரு படம் கேட்பான். அது கைக்கு வந்த மறுகணம் அவனது குரல் மாறிவிடும். "இதை உன் அத்தாவுக்கு அனுப்பிவிடுவேன்" என்பான். பணம் கேட்பான், அல்லது மேலும் படங்கள் கேட்பான். பெண்பிள்ளைகளுக்கே இவ்வாபத்து என்று எண்ணி இருந்துவிடலாகாது. பணம் பறிக்கும் கூட்டத்தார் ஆண்பிள்ளைகளையும் குறிவைக்கின்றனர். இப்போதோ செயற்கை நுண்ணறிவு வந்தபின், பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த சாதாரண முகப்படம் ஒன்றைக் கொண்டே ஆபாசப் படம் புனைந்துவிடுகின்றனர். பிள்ளை எத்தவறும் செய்யாமலே சிக்கிக்கொள்ளக் கூடும்!

இம்மிரட்டலுக்கு முதல் எது? வணிகம் அறிந்த இம்மண்ணில் இக்கேள்வி பொருத்தமானதே. அந்தப் படமன்று; படத்தைப் பற்றி வீட்டில் வாய் திறக்கப் பிள்ளை கொள்ளும் அச்சமே அவனது முதல்.

பொள்ளாச்சியில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கும்பல் இளம் பெண்கள் பலருடன் நட்புப் பாராட்டிப் பழகி, ஏமாற்றி, படம் பிடித்து மிரட்டி வந்தது. 2019 பிப்ரவரியில் மாணவி ஒருவர் தமக்கு நேர்ந்ததை வீட்டில் சொன்னார். வீட்டார் அவர் பக்கம் நின்று காவல்துறையிடம் முறையிட்டனர். அதன் பின்னரே மற்றைய கொடுமைகளும் வெளிவந்தன. ஆறாண்டுகள் கழித்து, 2025 மே 13ஆம் நாள், கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. ஒரு வீடு செவிசாய்த்ததன் விளைவு இது. ஏனைய பெண்கள் அதுவரை வாய் திறவாதிருந்தமைக்குக் காரணம், கேட்போர் என்ன சொல்வரோ என்ற அச்சமன்றி வேறென்ன?

பெற்றோர்களே! நம் பிள்ளை நம்மிடம் வந்து சொன்னால் நாம் முதலில் என்ன செய்வோம்? அடிப்போமா? படிப்பை நிறுத்துவோமா? அவசர அவசரமாக நிக்காஹ் பேசுவோமா? அபூ உமாமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று இங்கே நினைவுகூரத் தக்கது. இளைஞர் ஒருவர் பெருமானாரின் சபைக்கு வந்து, விபசாரம் புரிய அனுமதி கேட்டார். சூழ இருந்தோர் கொதித்தெழுந்து அவரை அதட்டினர். அண்ணலாரோ அவரை அருகே அழைத்து அமர்த்தினார்கள். உம் தாய்க்கு இதை விரும்புவீரா, மகளுக்கு, சகோதரிக்கு விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவராகவே உணரச் செய்தார்கள். பின்னர் அவர்மீது கரம் வைத்து அவருக்காக இறைஞ்சினார்கள். பாவத்திற்கே அனுமதி கேட்டு வந்தவரை இங்ஙனம் நடத்தினார்கள் என்றால், ஏமாற்றப்பட்டு, நடுநடுங்கி வரும் பிள்ளையை நாம் எவ்வாறு நடத்துதல் வேண்டும்!

பிறர் குறையை மறைப்பவரின் குறையை இறைவன் மறைப்பான் என்பது நாமறிந்த நபிமொழிக் கருத்து. இதனைச் சிலர் தவறாகப் பொருள் கொண்டு, விஷயத்தையே மூடிவிடுகின்றனர். பிள்ளையின் பெயரை மூடுவது வேறு. குற்றவாளியின் செயலை மூடுவது வேறு. பின்னது அவனுக்கு அடுத்த பிள்ளையைத் தேடிக்கொடுக்கும்.

நாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டை அறிந்தே வகுக்கப்பட்டுள்ளது. 18 வயது நிரம்பாதோரைக் காக்க 2012இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டத்தின்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ பதிவு செய்தல் வேண்டும். இயன்றவரை பெண் அதிகாரியே, அதுவும் சீருடையின்றி, வருதல் வேண்டும். எக்காரணத்தாலும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கலாகாது. விசாரணை மூடிய நீதிமன்றத்தில் நடைபெறும். பெயரோ, முகவரியோ, பள்ளியோ பத்திரிகையில் வரலாகாது. 18 வயது கடந்த பெண்ணுக்கும் பெயர் மறைக்கப்படும் உரிமை உண்டு. பொள்ளாச்சி வழக்கில் காவல் அதிகாரியாலும் அரசாணையாலும் அம்மாணவியின் பெயர் வெளியானபோது, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டதை நினைவிற் கொள்க.

இனி, பிள்ளைகளைக் கண்காணிப்பது பற்றி ஒரு சொல். துருவித் துருவி ஆராய்வதை 49ஆம் அத்தியாயம் 12ஆம் வசனம் தடுக்கின்றது. பிள்ளை உறங்கும்போது கைப்பேசியை எடுத்துப் படிப்பதும், அவனறியாமல் உளவுச் செயலியை ஏற்றி வைப்பதும் எமக்கு உவப்பான வழிகளாகத் தோன்றவில்லை. பிடிபட்ட அன்றே நம்பிக்கை முறிந்துபோம். வெளிப்படையாக விதி செய்யலாம்: இஷாவுக்குப் பின் கைப்பேசிகள் எல்லாம், பெற்றோருடையதும் சேர்த்தே, வளவிலோ கூடத்திலோ உறங்கட்டும். சிறு வயதினரின் கணக்குகளில் அந்நியர் செய்தி அனுப்ப முடியாதபடி அமைப்பைப் பிள்ளையின் முன்னிலையிலேயே மாற்றி வையுங்கள். தந்தை அயல்நாட்டில் இருந்தால், அவருடன் பேசும் நேரத்தில் மதிப்பெண்ணை மட்டும் விசாரியாது, இன்று யாருடன் பேசினாய், என்ன விளையாடினாய் என்றும் கேட்கப்படட்டும்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒன்று கூற வேண்டியுள்ளது. வகுப்புத் தோழியின் படம் ஒன்று வாட்ஸ்அப் குழுவில் வந்தால், நான் அனுப்பவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சிறார் ஆபாசப் படத்தைத் தனிமையில் பார்ப்பது குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை அதே ஆண்டு செப்டம்பர் 23இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அத்தகைய படத்தை அழிக்காமலும் அறிவிக்காமலும் வைத்திருத்தல், பிறருக்குப் பகிரும் நோக்கத்திற்கே சான்றாகக் கொள்ளப்படலாம். எவருக்கும் அனுப்பாமல், அன்றே ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லிவிடுங்கள்.

மிரட்டலுக்கு ஆளான பிள்ளை உங்கள் வீட்டில் இருப்பின், முதற்கண் ஒரு காசும் கொடாதீர். கொடுத்தால் மறுநாளும் கேட்பான். அவனது செய்திகளையும் கணக்கின் பெயரையும் அழித்துவிடாதீர்; அவையே சாட்சி. பணம் போயிருந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைந்து அழைத்தால் பணம் வங்கியிலேயே நிறுத்தப்படும் வாய்ப்புண்டு. பிள்ளைகளுக்கான உதவிக்கு 1098. பள்ளி தொடர்பான முறையீட்டிற்கு 14417. மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்தில் பெண்கள், சிறார் மீதான இத்தகைய குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். படம் பரவிவிடுமோ என்று அஞ்சும் பிள்ளைக்கு 'டேக் இட் டவுன்' என்றொரு இலவச வசதி 2023 முதல் உள்ளது. அமெரிக்காவில் காணாமற்போன சிறார்க்கான மையம் அதனை நடத்துகின்றது. படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அது பிள்ளையின் கைப்பேசியிலேயே இருக்க, கைரேகை போன்ற ஓர் எண் மட்டும் அங்கே செல்லும். அவ்வெண்ணைக் கொண்டு பேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலிய தளங்கள் அப்படத்தை அடையாளம் கண்டு நீக்கும். பெயர் கேட்பதில்லை, பெற்றோர் உடனிருக்க, பிள்ளையே தன் கையால் செய்துவிடலாம்.