சேதாரக் கணக்கு

பிளாஸ்டிக் மறுசுழற்சித் தொழில் தொடங்க ஆசைப்பட்டு வரும் இளைஞர்கள் முதலில் கேட்பது, “அண்ணா, என்ன மிஷின் போடலாம்?” என்றுதான். கோவைப் பக்கம் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கும் பட்டறை நடத்துகிறவன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். ஆயிரம் கிலோ சரக்கு வாங்கினால் எத்தனை கிலோ குருணை தேறும் என்று அவர்களிடம் கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது.

கிலோ 30 ரூபாய்க்கு 1,000 கிலோ அழுக்குச் சரக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மண், ஈரம், லேபிள், ஒத்துவராத ரகம் என்று 150 கிலோ கழிந்தால், மிஞ்சியதன் அடக்கவிலை கிலோ 35 ரூபாய். 350 கிலோ கழிந்தால் 46 ரூபாய். கரண்ட், கூலி, தண்ணீர், வட்டி எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

சேதாரம் குறைவதெல்லாம் தரம் பிரிக்கிற இடத்தில்தான். எங்கள் பட்டறையில் ஓர் அக்கா கவரை எடுத்துக் காதருகே கசக்குவார். மொடமொடவென்றால் எச்டி, அதாவது அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்; சத்தமில்லாமல் மெத்தென்று இருந்தால் எல்டி, அடர்த்தி குறைந்த ரகம். அவர் கை போகிற வேகத்துக்கு என் கண் போகாது. அடுத்தது தண்ணீர்த் தொட்டி. பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும், அள்ளிக்கொள்ளலாம். பெட் பாட்டிலும் பிவிசியும் சேர்ந்தே மூழ்கும். அதனால் பெட் தொழிலுக்கு வருகிறவர்களுக்குத் தொட்டி மட்டும் போதாது. பெட் உருக 250 டிகிரி சூடாவது வேண்டும்; அந்தச் சூட்டில் கொஞ்சம் பிவிசி கலந்திருந்தாலும் அமில வாயுவைக் கக்கிச் சரக்கின் நிறத்தையும் பலத்தையும் கெடுத்துவிடும்.

ஆகவே காயலான்கடைக்காரரிடம் அடிமாட்டு விலை பேசாதீர்கள். ரகம் பிரித்துக் கட்டிய மூட்டைக்குக் கூடுதலாகவே கொடுங்கள். அந்தக் காசு குப்பை பொறுக்குகிறவர் கைவரை போகிறதா என்றும் விசாரியுங்கள். வெயிலிலும் நாற்றத்திலும் நின்று நம் சேதாரத்தைக் குறைத்துத் தருகிறவர் அவர்தான்.

கச்சா எண்ணெய் விலை சரிந்தால் புதுப் பிளாஸ்டிக் மலிந்துவிடும். 2020-ல் அப்படித்தான் ஆனது. மறுசுழற்சிக் குருணையைச் சீந்துவார் குறைந்தார்கள். சில மாதச் சம்பளத்துக்கும் வட்டிக்கும் பணம் ஒதுக்காமல் இறங்க வேண்டாம். 2022-ல் மத்திய அரசு கொண்டுவந்த உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறைகளின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற பட்டறைகள், பிளாஸ்டிக் பேக்கிங்கில் பொருள் விற்கும் கம்பெனிகளுக்கு மறுசுழற்சிச் சான்றிதழ் விற்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அதை உபரி வரவாக மட்டும் வையுங்கள். கடன் தவணையை அதன் தலையில் கட்டாதீர்கள்.

மிஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் ஊர்ச் சரக்கை வேறொரு பட்டறையில் கூலிக்கு ஓட்டிப் பாருங்கள். வருகிற குருணையில் ஒரு மூட்டையைப் பைப் போடுகிறவரிடமோ குடம் போடுகிறவரிடமோ கொடுங்கள். அவர் தன் மிஷினில் ஓட்டி, பைப்பை வளைத்து, மோந்து பார்த்துவிட்டு விலை சொல்வார். அந்த விலையைத் திட்ட அறிக்கையில் எழுதிக்கொண்டு வங்கிக்குப் போங்கள்.