கதைக்கு அழுத கண்ணீர் வீண் போகவில்லை!



"கதைப் புத்தகத்தைப் படிச்சுப்புட்டு அழுகுறவள இப்பத்தான் பாக்குறேன்!"

கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. அடுப்பில் குழம்பு கொதித்துக் கொண்டிருந்தது. நான் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் புத்தகமுமாக நின்று மூக்கைச் சிந்திக் கொண்டிருந்தேன். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தது வேறு விஷயம்!

நம்மில் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. தன் கஷ்டத்தைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக் கொள்பவள், கதையில் வருகிற யாரோ ஒருத்திக்காகத் தேம்பித் தேம்பி அழுவாள். "அது வெறும் கதைதானே, இதுக்குப் போயா?" என்று வீட்டில் கேலி பேசுவார்கள். இந்தக் கண்ணீரால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று நானும் யோசித்ததுண்டு. அதற்கு என் வீட்டிலேயே பதில் கிடைத்தது. அதை உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே சன்னதிக் கதவைத் திறப்பதே இல்லை. சாத்திய கதவுக்குத்தான் பூசை, தீபாராதனை எல்லாம். என் மாமியாரும் அப்படித்தான். உழைப்புக்கு அஞ்ச மாட்டார். பிள்ளைகள் மேல் உயிராக இருப்பார். ஆனால் மனசில் உள்ளதை வாய் திறந்து சொல்ல மாட்டார். மாமனார் காலமானபோது கூட, வந்தவர்களுக்குக் காபி போட ஆள் இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டிருந்தவர் அவர்.

பதினான்கு வருஷத்துக்கு முன் என் தலைச்சன் குழந்தை, பிறந்த மூன்றாம் நாளே இறந்து போனது. என் அம்மா அழுதார். பக்கத்து வீட்டு அக்கா அழுதார். அத்தை மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "ஆக வேண்டியதைப் பாருங்க" என்று ஆண்களை அனுப்பிவிட்டு எனக்குப் பத்தியச் சோறு கொண்டு வந்து வைத்தார். 'இது நெஞ்சா, கல்லா?' என்று அன்றைக்கு என் மனசில் விழுந்த கீறல் அப்படியே இருந்தது. அப்புறம் இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்தும் ஆறவில்லை.

போன வருஷம் அத்தை வாசல் படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக் கொண்டார். இரண்டு மாதம் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லி விட்டார். டி.வி. முன்னறையில், அத்தை கட்டில் பின்னறையில். பகலெல்லாம் விட்டத்தைப் பார்த்துக் கொண்டு எவ்வளவு நேரம்தான் கிடப்பது? ஒருநாள் சாயந்திரம், "ஏத்தா, ஒங்கையில இருக்குறத எனக்கும் கேக்குற மாதிரி படியேன்" என்றார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவராக என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று என் கையில் இருந்தது, கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்த 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. கவிஞர் வைரமுத்து எழுதியது. 2001-ல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2003-ல் சாகித்ய அகாடமி பரிசு வாங்கிய நாவல். பூண்டுச் சந்தைக்குப் பேர்போன வடுகபட்டியில் வளர்ந்தவர் அவர். பிறந்தது மெட்டூர் என்ற கிராமம். வைகை அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர்களில் மெட்டூரும் ஒன்று. அந்த ஊர்களின் கதைதான் இந்த நாவல்.

பேயத்தேவர் என்று ஒரு கிழவர். மொக்கராசு என்று ஒரு பேரன். மழையை நம்பிய மானாவாரி பூமி. கல்லோடும் முள்ளோடும் மல்லுக்கட்டிப் பாடுபடுகிற குடும்பம். ஒன்று மாற்றி ஒன்று என்று துயரம் வந்துகொண்டே இருந்தும் கிழவர் அசராமல் நிற்கிறார். அப்படிப்பட்டவரிடம்தான், 'அணை வருது, ஊரைக் காலி பண்ணு' என்று வந்து சொல்கிறார்கள். முடிவை நான் சொல்ல மாட்டேன். படித்தவர்கள் அழாமல் புத்தகத்தை மூடியிருக்க முடியாது. படிக்காதவர்கள் படித்துப் பாருங்கள்.

எல்லாம் எங்கள் பக்கத்துப் பேச்சு என்பதால் அத்தைக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் ஒரு வார்த்தையைத் தப்பாக உச்சரித்தால் திருத்துவார். உழவு, மாடு, மழை என்று வருகிற இடங்களில் "ஆமா, அப்படித்தேன்" என்பார். தினமும் விளக்கு வைத்ததும் அரை மணி நேரம் படிப்போம். சமையல் முடிய கொஞ்சம் நேரமானால், "இன்னைக்குப் படிப்பு இல்லையா?" என்று குரல் வந்துவிடும்.

ஒருநாள் நான் படிக்க முடியாமல் தொண்டை அடைத்து நிறுத்தினேன். அத்தை சிரித்துக் கொண்டே, "நாங்க நல்லதங்காளுக்கு அழுத மாதிரி அழுகுற" என்றார். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது, எழுத்து தெரிந்த ஒரு தாத்தா திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக் கொண்டு பெரிய எழுத்து நல்லதங்காள் கதையை ராகம் போட்டுப் படிப்பாராம். தெருப் பெண்கள் எல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டு அழுவார்களாம்.

நல்லதங்காள் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். புகுந்த ஊரில் பஞ்சம். ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி பச்சை விறகையும் ஓட்டைச் சட்டியையும் கொடுத்து விரட்டுகிறாள். பசித்த பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள் அந்தத் தாய். எங்கள் வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது.

"அந்தக் கதையக் கேட்டா எல்லாப் பொம்பளையும் அவங்கவங்க பொறந்த வீட்ட நெனச்சு அழுவாளுக. கதைக்கு அழுகுறேன்னு சொல்லிக்கிடலாம்ல? யாரும் ஏன்னு கேக்க மாட்டாக" என்றார் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! 'என் அண்ணன் என்னைக் கவனிக்கவில்லை, என் அண்ணி சோறு போடவில்லை' என்று வெளியில் சொன்னால் குடும்ப மானம் போகும். நல்லதங்காளுக்காக அழுதால் மானம் போகாது!

நாவல் முடிகிற கட்டத்துக்கு வந்தோம். ஊர் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்புகிறார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. படித்துக் கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அத்தையின் கண்ணிலிருந்து கண்ணீர் தலையணையில் இறங்கிக் கொண்டிருந்தது. அவர் அழுது நான் பார்த்ததே கிடையாது. பயந்துபோய்ப் புத்தகத்தை மூடினேன்.

"மூடாத தாயி, படி" என்றார். பிறகு அவரே, "எந்தம்பி அங்கனதான் கெடக்கான்" என்றார்.

அத்தை பிறந்த ஊரும் அந்தத் தண்ணீருக்குள் போன ஊர்களில் ஒன்றுதானாம். (உறவினர்கள் அடையாளம் கண்டு கொள்வார்கள் என்பதால் ஊர்ப் பெயரை எழுதவில்லை.) வீட்டை விட்டுக் கிளம்பும்போது அத்தைக்கு ஒன்பது வயது. கதவையும் உத்திரத்தையும் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். ஆட்டுக்கல்லை ஏற்றினார்கள். கோழிக் கூட்டைக் கூட ஏற்றினார்கள். அதற்கு முந்தின வருஷம் காய்ச்சலில் இறந்து, ஊர்க் கடைசியில் புதைத்திருந்த கைக்குழந்தையை மட்டும் ஏற்ற முடியவில்லை. அவருடைய அம்மா அந்த மண்மேட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று கிடந்தாராம். நாலு பேர் தூக்கி வண்டியில் போட்டார்களாம். அதன் பிறகு, 'அணையில் தண்ணி ஏறிருச்சு' என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னாலும் அந்தத் தாய் அன்றைக்குச் சாப்பிட மாட்டாராம்.

"எங்காத்தா அழுதே செத்தா. அழுதா என்ன ஆகும்னு பாத்தவ நானு. ஒம்புள்ளயக் கொண்டு போனாகள்ல, அன்னைக்கு எனக்கு எந்தம்பி நெனப்புத்தேன். நானும் ஒக்காந்து அழுதா நீ எங்காத்தா மாதிரி ஆயிருவன்னுதேன் வாயப் பொத்திக்கிட்டுச் சோத்தக் கொண்டாந்து வச்சேன்" என்றார்.

சகோதரிகளே, அதற்கு மேல் நான் என்ன எழுதுவது? பதினான்கு வருஷமாகக் கல் என்று நினைத்திருந்தேனே! அன்று இருவரும் கையைப் பிடித்துக் கொண்டு அழுதோம். என் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கதைக்கு அழுகுறாங்க" என்று சொல்லிக்கொண்டு விளையாடப் போய்விட்டார்கள்.

அத்தைக்கு நடக்க முடிந்த பிறகு ஆட்டோ வைத்து வைகை அணைக்குக் கூட்டிப் போனேன். நாம் பிள்ளைகளோடு பூங்கா பார்க்கப் போகிற இடம்தான். 1959 ஜனவரி 21-ல் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது திறந்த அணை. உயரம் 111 அடி. தண்ணீர் தேக்குவது 71 அடி வரை. மதுரைக்காரர்கள் குடிக்கிற தண்ணீர், கீழே ராமநாதபுரம் வரைக்கும் வயல்களுக்குப் பாய்கிற தண்ணீர் எல்லாம் இங்கிருந்துதான். அத்தை அணையைக் குறை சொல்லவில்லை. "எம்புட்டுச் சனத்துக்குச் சோறு போடுது" என்றுதான் சொன்னார். தண்ணீரைப் பார்த்து ஒரு திசையில் கையைக் காட்டினார். கொண்டு வந்த மல்லிகைச் சரத்தைத் தண்ணீரில் விட்டார். திரும்பி வரும்போது வழியில் வடை வாங்கித் தரச் சொல்லிச் சாப்பிட்டார். மனசு லேசாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, அழ வைத்த புத்தகங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஹாரியட் பீச்சர் ஸ்டவ் என்று ஒரு பெண்மணி. ஏழு பிள்ளைகள் பெற்ற குடும்பத் தலைவி. 1849-ல் காலரா நோய்க்குத் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். அப்போது அங்கே கறுப்பின மக்களை அடிமைகளாக விற்றுக் கொண்டிருந்த காலம். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துச் சந்தையில் விற்றால் அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும் என்று தன் துக்கத்திலிருந்து உணர்ந்து கொண்டார். அதைக் கதையாக ஒரு பத்திரிகையில் வாராவாரம் எழுதினார். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்ற அந்தக் கதை 1852-ல் புத்தகமாக வந்து, முதல் வருஷத்திலேயே அமெரிக்காவில் மூன்று லட்சம் பிரதிகள் விற்றதாம். படித்து அழுதவர்கள் அடிமை முறையைச் சும்மா விட்டுவிடவில்லை. 1865-ல் அந்நாட்டில் அது சட்டப்படி ஒழிந்தது. அதற்கு ஒரு பெரிய போரே நடந்தது. எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். ஆனாலும் ஜனங்கள் மனசைக் கரைத்ததில் ஒரு தாயின் கதைக்கும் பங்கு உண்டு என்கிறார்கள்.

அழ வைக்கிற எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நல்லதங்காள் கதையையே எடுத்துக் கொள்ளுங்கள். அவளுக்காக அழலாம். ஆனால் அவள் தேடிய கிணற்றை ஒரு வழி என்று நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது. என் மகளுக்கு அந்தக் கதையைச் சொன்னபோது, "அவளை உக்கார வச்சு என்ன கஷ்டம்னு கேக்க ஒரு ஆள் இருந்திருந்தா அந்தக் கிணத்துக்குப் போயிருக்க மாட்டா" என்று சேர்த்தே சொன்னேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். இலக்கியம் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தன் துக்கத்துக்கு நேராக அழ முடியாதவர்களுக்குப் புத்தகம் ஒரு சாக்கு. அந்தச் சாக்கில் கண்ணீர் வந்துவிட்டால், பின்னாலேயே பேச்சும் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்து காது கொடுத்துக் கேட்டால் போதும்.

உங்கள் வீட்டிலும் எழுத்துத் தெரியாத மாமியாரோ, கண் மங்கிய அம்மாவோ, அப்பத்தாவோ இருக்கலாம். சாயந்திரம் அரை மணி நேரம் டி.வி.யை நிறுத்திவிட்டு, ஒரு நல்ல கதையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை, பக்கத்து நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்து எடுத்து வரலாம். அவர்கள் அழுதால் பதறிப்போய்ப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அடுத்து அவர்கள் சொல்லப் போவது எந்தப் புத்தகத்திலும் இல்லாத கதையாக இருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டாவது புத்தகம் ஓடிக் கொண்டிருக்கிறது. நேற்று அடுப்படியில் வேலையாக இருந்தேன். பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஏத்தா, கொழம்ப எறக்கி வச்சுட்டு வா. அடிப்பிடிக்கப் போகுது!"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தேவதானப்பட்டி.