புதிய தொழிலுக்கு மாறும்போது துணையைத் தேடிக்கொள்ளுங்கள்

சொந்த ஊருக்குத் திரும்பிய எல்லோராலும் பழைய தொழிலைத் தொடர முடிவதில்லை. படகும் வலையும் அழிந்துபோயிருக்கலாம். வயலில் மிதிவெடி அகற்றும் வேலை முடியாதிருக்கலாம். உழைத்தவரை இழந்த வீட்டில், ஒரு பெண் முதன்முறையாக வருமானம் தேட வேண்டியிருக்கலாம். இதனால் கடற்றொழிலாளி மேசன் வேலைக்கும், கமக்காரர் கோழி வளர்ப்புக்கும், குடும்பத் தலைவி தையலுக்கும் மாறுகிறார்கள்.

கருவியும் சிறு உதவித்தொகையும் கிடைத்தால் தொழிலைத் தொடங்கலாம். அது நிலைக்க ஆட்களின் துணை வேண்டும். பழைய தொழிலில் வலை பொத்த ஒருவர், மீன் வாங்க ஒருவர், அவசரத்துக்குக் கைமாற்றுத் தர ஒருவர் என்று ஏற்கெனவே இருந்தார்கள். புதிய தொழிலில் அப்படிப்பட்டவர்களை நாங்களே தேடிக்கொள்ள வேண்டும்.

யார் யார் தேவை?

ஒரு தாளில் இந்த நான்கு பேரின் பெயரை எழுதிப் பாருங்கள்:

1. தொழில் தெரிந்தவர். பிழை வரும்போது கேட்டுத் திருத்திக்கொள்ள இவர் வேண்டும்.
2. வேலை தருபவர் அல்லது பொருளை வாங்குபவர். தொழிலைத் தொடங்கும் முன்னரே இவருடன் பேசுங்கள்.
3. நீங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்பவர்.
4. மனம்விட்டுப் பேசக்கூடியவர். வருமானம் குறைந்த மாதங்களில் இவருடைய துணை பெரிது.

எந்த இடம் வெறுமையாக இருக்கிறதோ, அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

எங்கே தேடுவது?

முகாமில் உங்களுடன் இருந்தவர்கள் இன்று வேறு ஊர்களில் இருக்கலாம். அவர்களுடைய தொலைபேசி இலக்கங்களைத் தேடி எடுங்கள். ஓர் ஊரில் வீட்டு வேலை நடக்கிறது என்ற செய்தி பெரும்பாலும் இப்படித்தான் வந்துசேரும்.

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் கூட்டங்களுக்குப் போங்கள். ஒரே கிராமத்தில் பலர் தையல் தொடங்கினால் தனித்தனியே எவருக்கும் போதிய வேலை கிடைக்காது. பாடசாலைச் சீருடை ஓடர்களைச் சேர்ந்து எடுத்துப் பகிர்ந்து தைத்தால் எல்லோருக்கும் வேலை உண்டு. துணியையும் நூலையும் மொத்தமாக வாங்கலாம்.

பிரதேச செயலகத்தில் சிறுதொழில், மகளிர் அபிவிருத்தி ஆகியவற்றுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களைக் கேளுங்கள். யாரைச் சந்திப்பது என்று தெரியாவிட்டால் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் வேலை செய்தே பழகியவர்களும், திறமையைச் செய்துகாட்டித் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழைப் பெற வழி உண்டு. இதற்காகச் செய்த வேலைகளின் படங்களையும் வேலை தந்தவர்களின் கடிதங்களையும் சேர்த்து வையுங்கள்.

குழுக் கடனில் கவனம்

குழுவாகச் சேர்ந்து எடுக்கும் கடனில் ஒருவர் தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டிவரும். கடனால் முறிந்த உறவைத் திரும்பக் கட்டுவது கடினம். வட்டி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், யார் பொறுப்பு என்று கேட்டறியும்வரை கையொப்பம் இடாதீர்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்காதீர்கள். முதலில் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் விசாரியுங்கள்.

நீங்களும் துணையாகுங்கள்

உதவி கேட்பது குறைவான காரியம் அல்ல. உங்கள் பழைய தொழிலறிவும் இன்னொருவருக்குப் பயன்படும். வலை பொத்தத் தெரிந்தவர் அதை அயல் வீட்டு இளைஞருக்குப் பழக்கலாம். இந்த வாரம் ஒருவரைச் சந்தியுங்கள். அடுத்த வாரம் ஒரு சங்கக் கூட்டத்துக்குப் போங்கள்.