எது எதற்குச் சமம்?

தொலைவு, வேகம், நேரம் மூன்றையும் பிணைக்கும் சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்: தொலைவு = வேகம் × நேரம். இரண்டு தெரிந்தால் மூன்றாவது கிடைத்துவிடும். ஆனாலும் சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய மாணவர்கள்கூட, இதில் அமைந்த வார்த்தைக் கணக்குகளில் தடுமாறுகிறார்கள். இவ்வகைக் கணக்குகளில் பெரும்பாலும் இரண்டு பயணங்கள் இருக்கும். அவற்றுக்கிடையே எது சமம் என்று கண்டுபிடிக்கும் வரை சமன்பாடு பிறக்காது. சூத்திரம் அதைக் கண்டுபிடித்துத் தராது.

காலை 6 மணிக்கு ஒரு லாரி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது. அதே இடத்திலிருந்து 7.30 மணிக்கு ஒரு கார் 60 கி.மீ. வேகத்தில் அதே சாலையில் கிளம்புகிறது. கார் எப்போது லாரியைப் பிடிக்கும்? பிடிக்கும் நொடியில் இரண்டும் கடந்த தொலைவு ஒன்றே. ஓடிய நேரம்தான் வேறு. கார் ஓடிய நேரம் ‘ந’ மணி என்றால், லாரி ஓடியது ந + 1.5 மணி. ஆகவே 60ந = 40(ந + 1.5). ந = 3. காலை 10.30 மணிக்கு, 180 கி.மீ. தாண்டிய இடத்தில் கார் லாரியைப் பிடிக்கிறது. ஒன்றரை மணி நேரத்தைத் தவறிப்போய்க் காரின் கணக்கில் கூட்டிவிட்டால், நேரம் −4.5 மணி என்று வரும். தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுப்பது இந்தக் கணக்குகளில் உள்ள ஒரு வசதி.

சமன்பாடே எழுதாமலும் இதைத் தீர்க்கலாம். கார் கிளம்பும்போது லாரி 60 கி.மீ. முன்னால் இருக்கிறது. இடைவெளி மணிக்கு 20 கி.மீ. வீதம் குறைகிறது. 60ஐ 20ஆல் வகுத்தால் 3. கி.பி. 499ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘ஆரியபட்டீயம்’ நூலின் கணிதப் பகுதியில் இந்த விதி தெளிவாகவே இருக்கிறது: எதிரெதிராக வருபவை என்றால் இடைவெளியை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும், ஒரே திசையில் செல்பவை என்றால் வேகங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்.

ஆரியபட்டருக்கு இது வண்டிக் கணக்கு அல்ல, வானத்துக் கணக்கு. விண்மீன்களின் பின்னணியில் சந்திரன் நாளொன்றுக்குச் சராசரியாக 13.18 பாகை நகர்கிறது, சூரியன் 0.99 பாகை நகர்வதாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே திசையில் செல்வதால் வித்தியாசம் 12.19 பாகை. சந்திரன் ஒரு முழுச் சுற்று முந்திச் சென்று மீண்டும் சூரியனைப் பிடிக்க 360 ÷ 12.19, அதாவது ஏறக்குறைய 29.53 நாள் ஆகும். அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் உள்ள சராசரி இடைவெளி அதுவே. பஞ்சாங்கத்தில் வரும் திதி என்பதும் சூரியனைவிடச் சந்திரன் 12 பாகை கூடுதலாக முன்னேற எடுத்துக்கொள்ளும் காலம்தான். அதன் சராசரி ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவு என்பதால் திதிகள் சூரிய உதயத்தோடு ஒத்துப்போகாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

ஐரோப்பாவில் இதே கணக்கை முயல் சுமந்து வந்தது. எட்டாம் நூற்றாண்டு அறிஞர் அல்குயின் தொகுத்ததாகக் கருதப்படும் புதிர்களில் ஒன்றில், 150 அடி முன்னால் ஓடும் முயலை நாய் துரத்துகிறது. முயல் 7 அடி பாயும்போது நாய் 9 அடி பாய்கிறது. பாய்ச்சலுக்கு 2 அடி குறைவதால் 75 பாய்ச்சலில் முயல் அகப்படும்.

பலரையும் ஏமாற்றுவது சராசரி வேகம். போகும்போது மணிக்கு 60 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 40 கி.மீ. என்றால் சராசரி 50 அல்ல. ஒருவழித் தொலைவு 120 கி.மீ. என்று கொண்டால் போக 2 மணி, வர 3 மணி, 240 கி.மீ.க்கு 5 மணி நேரம், அதாவது 48. இங்கே சமமாக இருப்பது தொலைவு, நேரமல்ல. குறைந்த வேகத்தில் கூடுதல் நேரம் கழிவதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கணக்கு ஒன்று இதே பொறியை வைத்தது. பழைய கார் ஒரு மைல் மேட்டை மணிக்கு 15 மைல் வேகத்தில் ஏறுகிறது. முழுப் பயணத்தின் சராசரி 30 மைல் ஆக வேண்டுமானால் அடுத்த ஒரு மைல் இறக்கத்தில் எவ்வளவு வேகம் வேண்டும்? ஏறவே 4 நிமிடம் ஆகிறது. 30 மைல் வேகத்தில் இரண்டு மைலுக்கு ஆகும் நேரமும் அதே 4 நிமிடம். இறங்க நேரமே மிச்சமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே அதைக் கவனித்ததாக ஐன்ஸ்டைன் பதில் எழுதினார்.

ரயில் பாலத்தைக் கடக்கும் கணக்கில் மறக்கப்படுவது ரயிலின் சொந்த நீளம். புதிய பாம்பன் பாலம் சுமார் 2,080 மீட்டர். 500 மீட்டர் நீள ரயிலின் கடைசிப் பெட்டியும் வெளியேறினால்தான் பாலத்தைக் கடந்ததாகும். ஆகவே தொலைவு 2,580 மீட்டர். வேகம் மணிக்கு 54 கி.மீ. என்று கொண்டால், அதை 5/18ஆல் பெருக்க வினாடிக்கு 15 மீட்டர் கிடைக்கும். நேரம் 172 வினாடி. படகுக் கணக்கில் நீரோட்டத்தின் வேகத்தை ஒரு திசையில் கூட்டி, மறு திசையில் கழித்தால் போதும்.

தெரியாத வேகம் பின்னங்களின் பகுதியில் அமைந்தால் இருபடிச் சமன்பாடு வரலாம். 300 கி.மீ. செல்லும் ரயில் மணிக்கு 10 கி.மீ. கூடுதலாகச் சென்றிருந்தால் ஒரு மணி நேரம் முன்பே சேர்ந்திருக்கும். அதன் வேகம் ‘வ’ என்ன? 300/வ − 300/(வ + 10) = 1. இது வ² + 10வ − 3000 = 0 என்றாகி, 50, −60 என இரண்டு விடைகளைத் தரும். வேகம் எதிர்க்குறியாக இருக்க முடியாது என்று பாடப்புத்தகம் −60ஐத் தள்ளிவிடும், அது சரியே. ஆனால் அந்த 60 எங்கிருந்தோ வந்த எண் அல்ல, கூட்டிய பிறகு ரயிலுக்குக் கிடைக்கும் வேகம். வ இருக்கும் இடத்தில் −(வ + 10) என்று போட்டாலும் சமன்பாடு மாறுவதில்லை. அதனால் ஒரு விடை 50 என்றால் மற்றொன்று −60 ஆகத்தான் இருக்க முடியும்.